எதைத் திருப்பிக் கொடுப்பது?

மதுரையில் 85 டன் எடையுள்ள ஒரு காந்தம் இருக்கிறது. 4 மீட்டருக்கு 4 மீட்டர் பரப்பில் 11 இரும்பு அடுக்குகள். அவற்றுக்கு இடையே உள்ள 10 இடைவெளிகளில், இடைவெளிக்கு இரண்டாக, கண்ணாடித் தகடுகளால் ஆன 20 உணர்கருவிகள். மினி-ஐகால் என்று பெயர். 2018-இல் இயங்கத் தொடங்கியது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து வைக்கத் திட்டமிட்டு, எதிர்ப்பும் வழக்குமாக நின்றுபோயிருக்கும் நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் கருவிக்கு இது சுமார் 600-இல் ஒரு பங்கு மாதிரி. அந்த ஆய்வகம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் இந்த அத்தியாயம் போகப்போவதில்லை. நமக்கு வேண்டியது மிகச் சின்ன விஷயம். காந்தத்துக்குள் புகுந்து வெளியேறும் ஒரு துகளின் தடத்தைக் கணினியில் எந்த வகைத் தொகுப்பாக வைப்பது? அதைவிட முக்கியமாக, அதை இன்னொருவர் நிரலுக்கு எந்த வகையாகக் கொடுப்பது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறவர்களில் பலருக்கு அணுசக்தி நகரோடு தொடர்பு உண்டு. மும்பையில் செம்பூரைத் தாண்டி மான்கூர்ட் போகும் வழியில், அணுசக்தித் துறை ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த பகுதி அது. 1957-இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் வளாகம் இன்று அங்கேதான் இருக்கிறது. 2005-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அந்த வளாகத்தில்தான். நியூட்ரினோ திட்டத்தின் ஆய்வு மாணவர்கள் முனைவர் பட்டம் வாங்குவது இந்த நிறுவனத்தின் பெயரில். பக்கத்திலேயே டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில்தான், அந்தக் கண்ணாடித் தகடுகளில் எழும் மெல்லிய மின்துடிப்பைப் பெருக்கித் தரும் 'அனுஸ்பர்ஷ்' என்ற சில்லு வடிவமைக்கப்பட்டது. இயற்பியல் படிக்க வந்த பிள்ளைகள் நாளின் பாதியை நிரல் எழுதுவதில் கழிக்கிற உலகம் இது. எழுதுகிற நிரலில் பெரும்பகுதி, எதையோ ஒன்றில் போட்டு வைப்பதும் அதிலிருந்து எடுப்பதும்தான்.

உணர்கருவியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மீட்டருக்கு 2 மீட்டர். அதன் மேல் பக்கம் 64 செப்புப் பட்டைகள் ஒரு திசையில் ஓடுகின்றன. கீழ்ப் பக்கம் 64 பட்டைகள் குறுக்குத் திசையில். ஒரு பட்டைக்கு ஒரு சேனல் என்றால், ஒரு கருவிக்கு 128. மினி-ஐகாலின் 20 கருவிகளுக்கு 2,560 சேனல்கள். வானிலிருந்து விழும் மியூவான் என்ற துகள், கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒன்று வீதம் வந்துகொண்டே இருக்கிறது. 2 மீட்டர் சதுரத்துக்கு அது நிமிடத்துக்கு 40,000. மேலிருந்து கீழே முழுதாகக் கடந்துபோகும் ஒரு மியூவான், ஒவ்வோர் இடைவெளியிலும் மேல் பட்டைகளில் ஒன்றையோ இரண்டையோ, கீழ்ப் பட்டைகளில் ஒன்றையோ இரண்டையோ தொட்டுவிட்டுப் போகும். 10 இடைவெளிக்கும் சேர்த்து 20 முதல் 40 தொடல்கள். இயற்பியலாளர் பேச்சில் 'ஹிட்'. இப்படி ஒரு துகளின் கடப்பில் கிடைக்கும் ஹிட்கள் அனைத்தும் சேர்ந்தது ஒரு 'ஈவென்ட்'.

2,560 சேனல்கள், தொடப்பட்டவை 40. இதை எப்படி வைப்பது?

அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வீட்டுக்கு ஒன்றாகத் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் பெட்டி உண்டு. 1204-க்குக் கடிதம் இருக்கிறதா என்று பார்க்க நேராக அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும். தபால்காரர் கையில் இருக்கும் கட்டு வேறு மாதிரி: வந்த கடிதங்கள் மட்டும், ஒன்றன்மேல் ஒன்றாக. 1204-க்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் கட்டையே புரட்ட வேண்டும். முதலாவது அரே. இரண்டாவது லிஸ்ட். மூன்றாவதாக ஒன்று உண்டு: வந்த கடிதங்களுக்கு மட்டும் இடம் ஒதுக்கி, ஆனால் வீட்டு எண்ணைச் சொன்னால் சட்டென்று எடுத்துத் தருவது. நிரலாளர்கள் மேப் என்றும் டிக்ஷனரி என்றும் சொல்வது அதுதான்.

மினி-ஐகாலுக்கு அரே போதும் என்பது என் கணக்கு. ஒரு சேனலுக்கு 4 பைட் என்று வைத்தால் 10,240 பைட். இன்றைய செயலியின் மிக நெருங்கிய நினைவகத்திலேயே, அதாவது 32 கிலோபைட் அளவிலான முதல் நிலை கேஷிலேயே, அடங்கிவிடும். எந்தச் சேனலையும் ஒரே தாவலில் எட்டலாம். பக்கத்துப் பட்டை தொடப்பட்டதா என்று பார்ப்பது இன்னும் சுலபம்.

பழைய காலத்துக்கு இது பெரிய ஆடம்பரம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960-இல் இயக்கிவைத்த டிஃப்ராக் கணினியின் முதன்மை நினைவகமே 2,048 சொற்கள்தான், சொல் ஒன்றுக்கு 40 பிட். சேனலுக்கு ஒரு சொல் என்று ஒதுக்கினால் மினி-ஐகாலின் ஒரே ஒரு ஈவென்ட் அதில் நுழையாது. சேனலுக்கு ஒரு பிட், தொட்டது அல்லது தொடாதது, என்று வைத்தால் 64 சொற்களில் முடிந்துவிடும். அந்தத் தலைமுறை நிரலாளர்களுக்குத் தொகுப்பு வகையைத் தேர்ந்தெடுப்பது பாணி சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. தேர்வு தப்பினால் நிரலே ஓடாது.

பெரிய ஐகாலுக்கு, அதாவது பொட்டிபுரத்துக்குத் திட்டமிட்ட 50,000 டன் கருவிக்கு, வருவோம். திட்டத்தின்படி 150 அடுக்குகள், 28,800 உணர்கருவிகள், 36,86,400 சேனல்கள். அதே அரேயைப் போட்டால் ஒரு ஈவென்டுக்கு ஏறத்தாழ 1.5 கோடி பைட். ஒரு மியூவான் 150 அடுக்கையும் கடந்தால்கூட அது தொடுவது சில நூறு பட்டைகளைத்தான். சேனல் எண்ணுக்கு 4 பைட், நேரத்துக்கு 4 பைட் என்று எழுதினாலும் மொத்தம் 4,000 பைட்டைத் தாண்டுவது அபூர்வம். மூவாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம். இடம் மட்டும் பிரச்சினை இல்லை. அடுத்த ஈவென்ட் வருவதற்குள் அந்த 1.5 கோடி பைட்டையும் பூஜ்யமாக்க வேண்டுமே! துகளைப் பற்றிக் கணக்குப் போடும் நேரத்தைவிட காலிப் பெட்டிகளைத் துடைக்கும் நேரம் அதிகமாகிவிடும்.

ஆக, மதுரைக் கருவிக்கு ஒன்று, பொட்டிபுரத்துக்கு வேறொன்று. தனி ஒருவர் தன் ஆய்வேட்டுக்காக எழுதும் நிரலில் இதற்குப் பதில் எளிது: இன்றைக்கு அரே, நாளைக்குத் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு கருவிக்கும் ஒரே லைப்ரரி எழுதித் தாருங்கள், இருபது மாணவர்கள் அதை வைத்து எழுதப்போகிறார்கள் என்றால்? அப்போது கேள்வி இரண்டாகப் பிரிகிறது. லைப்ரரி உள்ளுக்குள் எதில் வைக்கிறது என்பது ஒன்று. வெளியே எதைக் கொடுக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதை எந்த இரவிலும் மாற்றலாம். இரண்டாவதை மாற்றினால் இருபது பேரின் நிரலும் மறுநாள் காலை உடையும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதுதான் நான் பார்த்தவரை மிக அதிகமாக நடக்கும் பிழை. உள்ளே வெக்டர் (தேவைக்கேற்ப நீளும் அரே) இருக்கிறது, அதையே எடுத்துக் கொடுத்துவிடு, வேலை முடிந்தது.

பின்னால் மாற்ற முடியாத தேர்வு என்பது அணுக்கரு இயற்பியலாளர்களுக்குப் புதிதல்ல என்பது வேடிக்கை. காமா கதிர்களை அளக்கும் ஆய்வகத்தில் 'மல்டிசேனல் அனலைசர்' இருக்கும். வரும் ஒவ்வொரு துடிப்பையும் அதன் ஆற்றலுக்கு ஏற்ப 8,192 பெட்டிகளில் ஒன்றில் போட்டு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும். துடிப்பு போய்விடும், எண்ணிக்கை மட்டும் மிஞ்சும். இன்னொரு முறை 'லிஸ்ட் மோடு': ஒவ்வொரு துடிப்பையும் வந்த வரிசையில் அப்படியே பதிந்து வைப்பது. இரண்டு உணர்கருவிகளில் ஒரே கணத்தில் துடிப்பு வந்ததா என்று பிற்பாடு யாராவது கேட்டால், லிஸ்டிலிருந்து பதில் எடுக்கலாம், பெட்டிகளிலிருந்து முடியாது. கொலாபாவில் உள்ள பெல்லட்ரான் முடுக்கியில் பயன்படும், பாபா மையத்தார் உருவாக்கிய 'லேம்ப்ஸ்' தரவு சேகரிப்பு மென்பொருளும் இந்த லிஸ்ட் மோடைத் தருகிறது. லிஸ்டிலிருந்து பெட்டிகளை எப்போது வேண்டுமானாலும் உண்டாக்கலாம், பெட்டிகளிலிருந்து லிஸ்டை ஒருநாளும் உண்டாக்க முடியாது. எதை இழக்கலாம், எதை இழக்கக்கூடாது என்ற தீர்மானம் தொகுப்பு வகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே எதை வைப்பது என்பதற்குப் பாடப்புத்தகம் ஒரு பதில் சொல்லும். செயலி வேறு பதில் சொல்லும். நடுவில் அடிக்கடி சொருக வேண்டுமென்றால் கண்ணிகளாகக் கோத்த லிங்க்டு லிஸ்ட் நல்லது, அரேயில் சொருகினால் பின்னாலுள்ள எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும் என்று கல்லூரியில் படித்திருப்போம். சி பிளஸ் பிளஸ் மொழியை உருவாக்கிய பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் இந்தப் பாடத்தை மேடைகளில் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார். காரணம் கேஷ். செயலி நினைவகத்திலிருந்து ஒரு பைட் கேட்டாலும் பொதுவாக 64 பைட் சேர்ந்தே வரும். நம் ஹிட் ஒன்றுக்கு 8 பைட். வெக்டரில் அடுத்தடுத்து வைத்தால் ஒரே இழுப்பில் எட்டு ஹிட்கள். 40 ஹிட்களுக்கு ஐந்து இழுப்பு. லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு ஹிட்டோடும் முன்னும் பின்னும் சுட்ட 16 பைட் சேரும். கண்ணிகள் நினைவகத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். மோசமான நாளில் 40 ஹிட்களுக்கு 40 இழுப்பு. சி பிளஸ் பிளஸ்ஸின் வழக்கமான மேப்பில் சுமை இன்னும் அதிகம்: ஜிஎன்யு செயலாக்கத்தில் 64 பிட் கணினியில் கண்ணி ஒன்றுக்குத் தலைச்சுமையே 32 பைட். 8 பைட் சரக்குக்கு 32 பைட் பெட்டி! ஆகவே உள்ளே வெக்டரில் வை, சேனல் எண்ணின்படி ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள், தேடும்போது இருகூறாக்கித் தேடு. இருபது முப்பது ஹிட்களுக்கு மேப் தேவையே இல்லை. பெரிய எண்ணிக்கை வந்தால் அளந்து பார்த்துவிட்டு மாற்றலாம்.

இனி வெளியே.

ஐகால் உருவகப்படுத்தல்களும் இன்னும் எத்தனையோ ஆய்வகங்களின் கணக்குகளும் நம்பியிருக்கும் லைப்ரரி ஜியாண்ட்4. துகள் ஒன்று பொருளுக்குள் போகும்போது எங்கே எவ்வளவு ஆற்றலை விடும் என்று கணித்துத் தருவது. 1994-இல் செர்ன் ஆய்வகத்தின் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கி, 1998 டிசம்பரில் முதல் முழு வெளியீடு வந்தது. அவர்கள் எழுதத் தொடங்கிய காலத்தில் சி பிளஸ் பிளஸ் மொழிக்கு நிலைபெற்ற தரநூல் கிடையாது, 1998-இல்தான் வந்தது. அதனால் தொகுப்பு வகைகளுக்கு அப்போது சந்தையில் புகழ்பெற்றிருந்த 'ரோக் வேவ்' நிறுவனத்தின் லைப்ரரியை எடுத்துக்கொண்டார்கள். உரிமத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய சரக்கு. உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் பயன்படுத்த வேண்டிய ஒரு நிரலுக்கு அடியில் காசு கொடுத்து வாங்கும் அஸ்திவாரம்.

தரநூல் வந்ததும், எஸ்டிஎல் எனப்படும் பொது வகைகள் எல்லா நிரல்பெயர்ப்பிகளிலும் கிடைக்கத் தொடங்கியதும், மாறியே ஆக வேண்டியிருந்தது. ஆனால் ரோக் வேவ் வகைகள் நிரலின் மூலைமுடுக்கெல்லாம் பரவியிருந்தன. இடைக்காலத்தில், அதே நடத்தையுள்ள மாற்று வகைகளை அவர்களே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிவந்தது. பிறகுதான் எஸ்டிஎல் வெக்டருக்கும் மேப்புக்கும் தாவினார்கள்.

இந்த இடப்பெயர்ச்சியில் எது அதிகம் வலிக்கவில்லை என்று பார்த்தால் பாடம் கிடைக்கும். ஹிட்களை வைக்கும் இடத்தில் அவர்கள் ரோக் வேவ் வகையை நேராகப் பயனர் கையில் கொடுக்கவில்லை. 'ஜி4டிஹிட்ஸ்கலெக்‌ஷன்' என்று சொந்தப் பெயரில் ஓர் உறை செய்திருந்தார்கள். அதில் ஒன்றைச் சேர்க்க 'இன்ஸர்ட்', எத்தனை இருக்கிறது என்று கேட்க 'என்ட்ரீஸ்'. அடியில் இருந்த வகை மாறியது. மேலே இருந்த பெயர்கள் மாறவில்லை. இன்றைக்கும் ஜியாண்ட்4 எழுதுகிற ஒரு மாணவர் 'என்ட்ரீஸ்' என்றுதான் கேட்கிறார். எஸ்டிஎல் வழக்கப்படி அது 'சைஸ்' ஆக இருந்திருக்க வேண்டும். 'என்ட்ரீஸ்' ரோக் வேவ் வகைகளின் வழக்கு. அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுத்த பின்னும் அதன் சொல்வழக்கு வாசலில் நிற்கிறது. லைப்ரரி உலகில் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு எழுதிய நிரல்களில் அந்த வரி இன்றும் அப்படியே செல்லுபடியாகிறதே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அதே உறையில் 'கெட்வெக்டர்' என்று ஒரு செயற்கூறும் உண்டு. உள்ளே இருக்கும் எஸ்டிஎல் வெக்டரின் முகவரியை அப்படியே கையில் கொடுத்துவிடும். வாங்கியவர் அதில் சேர்க்கலாம், அழிக்கலாம், வரிசையைக் கலைக்கலாம். லைப்ரரிக்குத் தெரியவே தெரியாது. நாளைக்கு வெக்டர் வேண்டாம், வேறொன்றை வைக்கலாம் என்று நினைத்தால் இந்த ஒரு செயற்கூறு தடுக்கும். பிற்காலத்தில் கட்டத்தின் எண்ணைச் சொல்லி ஆற்றலைக் கூட்டிச் சேர்க்கும் தேவைக்கு மேப் அடிப்படையில் 'ஜி4டிஹிட்ஸ்மேப்' என்று தனி உறை செய்தார்கள். ஒரு மனித உடலையோ ஓர் அணுஉலைச் சுவரையோ சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் கதிர்வீச்சு அளவைக் கூட்டும்போது இதுதான் கைகொடுப்பது. ஒரே கட்டத்துக்கு ஆயிரம் முறை வந்தாலும் ஒரே பதிவு, தொகை மட்டும் ஏறும். லிஸ்டுக்கும் மேப்புக்கும் வேறு வேறு பெயர் கொடுத்தது நல்ல முடிவு. இரண்டையும் ஒரே உறைக்குள் திணித்திருந்தால் இரண்டுமே அரைகுறையாகியிருக்கும்.

வெளியே கொடுக்கும் வகை உண்மையில் சில வாக்குறுதிகளின் மூட்டை. வரிசை உண்டா, ஒன்றே இருமுறை வரலாமா, வாங்கியவர் மாற்றலாமா, எத்தனை நாளைக்குச் செல்லும். நிரலாளர் 'லிஸ்ட்' என்று எழுதும்போது இவை எல்லாவற்றுக்கும் தெரியாமலே பதில் சொல்லிவிடுகிறார்.

இவற்றில் அதிகம் கடிப்பது வரிசை. பைத்தான் மொழியின் டிக்ஷனரி நெடுங்காலம் வரிசைக்கு உத்தரவாதம் தந்ததில்லை. 3.6 பதிப்பில் உள்ளமைப்பை மாற்றியபோது, இடத்தைச் சிக்கனப்படுத்தப் போய், போட்ட வரிசையிலேயே திரும்பி வரும் குணமும் சேர்ந்து வந்தது. இது தற்செயல், நம்பாதீர்கள் என்றார்கள். யார் கேட்டார்கள்? எல்லாரும் நம்பத் தொடங்கினார்கள். 2018-இல் வந்த 3.7-இல் அதையே மொழியின் விதியாக்கிவிட்டார்கள். கோ மொழிக்காரர்கள் எதிர்த்திசையில் போனார்கள். 2012-இல் வந்த முதல் பதிப்பிலேயே, மேப்பைச் சுற்றி வரும்போது வரிசையை வேண்டுமென்றே குலுக்கிவிட்டார்கள், யாரும் தவறிக்கூட நம்பிவிடக் கூடாதென்று. எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும். கொடுக்காத வாக்கை நிறைவேற்றிக்கொண்டே இருந்தால் அது வாக்காகிவிடும்.

இயற்பியல் கணக்கில் வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்று சந்தேகம் வரலாம். கூட்டல்தானே, எந்த வரிசையில் கூட்டினால் என்ன? கணினியில் அப்படி இல்லை. வழக்கமான 64 பிட் மிதவைப்புள்ளி எண்ணில், ஒன்றுக்குப் பின்னால் 16 பூஜ்யம் போட்ட எண்ணை எடுத்து, அதிலிருந்து அதையே கழித்து, 1 கூட்டினால் விடை 1. முதலில் அந்தப் பெரிய எண்ணோடு 1 கூட்டி, பிறகு கழித்தால் விடை 0. ஏனென்றால் அந்த உயரத்தில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான இடைவெளியே 2, கூட்டிய 1 காணாமல் போய்விடுகிறது. இப்போது ஆற்றல்களைச் சுட்டிகளைச் சாவியாகக் கொண்ட மேப்பில் வைத்துக் கூட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுட்டி என்பது நினைவக முகவரி. முகவரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். மேப் முகவரி வரிசையில் கூட்டும். அதே விதை எண், அதே நிரல், கடைசி இலக்கத்தில் வேறு விடை. அந்தக் கடைசி இலக்கம் ஒரு நிபந்தனையைத் தாண்டவைத்தால், அதற்குப் பிறகு துகளின் பாதையே வேறு. மறுபடி ஓட்டினால் அதே விடை வர வேண்டும் என்பது கதிர்வீச்சுப் பாதுகாப்புக் கணக்கில் ஆடம்பரம் அல்ல. எனவே வெளியே கொடுக்கும் தொகுப்பு அடுக்கு எண், பட்டை எண் போன்ற நிலையான ஒன்றின் வரிசையில் இருக்கட்டும். அதைக் குறிப்பிலும் எழுதி வையுங்கள்.

எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதற்கு இன்னொரு நிஜ உதாரணம், செர்னில் ரெனே புருனும் ஃபோன்ஸ் ராடமேக்கர்ஸும் 1995-இல் தொடங்கிய 'ரூட்'. ஈவென்டுக்கு ஈவென்ட் ஆயிரக்கணக்கில் பொருள்களை உண்டாக்கி அழிப்பது செயலிக்குப் பெருஞ்செலவு. அதனால் 'டிகுளோன்ஸ்அரே' என்று ஒரு வகை செய்தார்கள்: ஒருமுறை ஒதுக்கிய இடத்தையே அடுத்த ஈவென்டுக்கும் மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். வேகம் அபாரம். ஆனால் இதிலிருந்து ஒரு ஹிட்டின் முகவரியை எடுத்துத் தனியே வைத்துக்கொண்டவர், அடுத்த ஈவென்ட் வந்ததும் அதே முகவரியில் வேறு துகளின் ஹிட்டைப் பார்ப்பார். பிழைச்செய்தி எதுவும் வராது. இப்படிப்பட்ட வகையை உள்ளே வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம். வெளியே கொடுப்பதானால், அடுத்த ஈவென்ட் வரைதான் செல்லும் என்று தலைப்பிலேயே எழுத வேண்டும்.

ஒருமுறை மட்டும் படிக்கக்கூடிய ஓடைகளிலும் இதே ஆபத்து. கோடி ஈவென்டுகளை நினைவகத்தில் ஏற்ற முடியாது என்பதால் பைத்தானில் ஜெனரேட்டராகக் கொடுப்பது சரிதான். மாணவர் முதலில் மொத்தம் எத்தனை என்று எண்ணுவார். பிறகு அதையே வரைபடமாக்குவார். வரைபடம் வெறுமையாக வரும். 'சார், டேட்டாவே வரலையே' என்று வந்து நிற்பார். தரவு வந்தது, எண்ணும்போதே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் கோப்பைப் புதிதாகத் திறக்கும் ஒரு வகையைக் கொடுத்திருந்தால் இந்தச் சங்கடம் இல்லை.

மாற்றலாமா என்ற கேள்விக்கு ஜாவா உலகம் பெரிய விலை கொடுத்தது. 1996-இல் வந்த முதல் பதிப்பிலேயே 'ஸ்டாக்' என்ற அடுக்கு வகையை 'வெக்டர்' வகையின் வாரிசாக எழுதிவிட்டார்கள். அடுக்கில் மேலே வைக்கலாம், மேலிருந்து எடுக்கலாம், அவ்வளவுதான் இருக்க வேண்டும். வெக்டரின் வாரிசானதால் நடுவில் சொருகவும் உருவவும் முடிகிறது. அடுக்கு என்ற பெயரே பொய்யாகிவிட்டது. இன்றைய ஜாவா கையேடே, அடுக்கு வேண்டுமென்றால் 'டெக்' வகையைப் பாருங்கள் என்கிறது. ஆனால் பழைய ஸ்டாக்கை நீக்க முடியவில்லை. எத்தனையோ நிரல்கள் அதன்மேல் நிற்கின்றன. க்ரிஸ்டாஃப் க்வாலினாவும் பிராட் ஏப்ரம்ஸும் 2005-இல் வெளியிட்ட டாட்நெட் வடிவமைப்பு வழிகாட்டி நூல், பொதுவில் வெளியிடும் இடைமுகங்களில் பொதுப்பயன் லிஸ்ட் வகையை வைக்காதீர்கள் என்று கறாராகச் சொல்கிறது. அந்த வகை வேகத்துக்காகச் செய்யப்பட்டது. யாராவது ஒன்றைச் சேர்த்தால் அதைக் கவனிக்க வழியில்லை என்பது அவர்கள் வாதம். படிக்க மட்டும் உள்ள வகையைக் கொடு, இல்லையென்றால் நீ கண்காணிக்கக்கூடிய சொந்த வகையைக் கொடு. டாட்நெட்டைத் தொடாதவர்களுக்கும் இது பொருந்தும். சின்ன ஹிட் தொகுப்பானால் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டாலும் குடி முழுகிப்போகாது. 320 பைட் நகலுக்காக யாரும் அழ மாட்டார்கள்.

வாங்கும் பக்கம் கதை நேர்மாறு. உங்கள் செயற்கூறு ஹிட்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பாதையைக் கணிக்கிறது என்றால், சுற்றி வரக்கூடிய எதுவாக இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளட்டும். வெக்டராகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அரேயில் வைத்திருக்கும் மதுரைக்காரர் உங்கள் ஒரு செயற்கூறுக்காக எல்லாவற்றையும் வேறு வகைக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டும். ஹிட்டே இல்லாத ஈவென்டுக்கு வெற்றுச்சுட்டியைத் திருப்பாதீர்கள், காலித் தொகுப்பைத் திருப்புங்கள். இதற்கு மேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

சொந்த உறை வகை எழுதுவது வீண்வேலை, எஸ்டிஎல் வகையையே கொடுத்தால் பயனருக்குப் பழக்கமாக இருக்குமே என்று ஒரு கட்சி உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஒவ்வொரு லைப்ரரியும் தனக்கென்று ஒரு லிஸ்ட், தனக்கென்று ஒரு மேப் என்று கிளம்பினால் கற்றுக்கொள்ளவே ஆயுள் போதாது. ரூட் பயனர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். என் தீர்ப்பு இது: மொழியின் தரநூலில் உள்ள, படிக்க மட்டுமான, மெலிந்த வகை ஒன்று கிடைத்தால் அதையே கொடுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் 2020 பதிப்பு முதல் 'ஸ்பேன்' இருக்கிறது, உறுப்புகளை 'கான்ஸ்ட்' என்று குறித்தால் அது படிக்க மட்டுமானதாகும். டாட்நெட்டில் 2012 முதல் படிக்க மட்டுமான லிஸ்ட் இடைமுகம் இருக்கிறது. அது போதாத இடத்தில், கட்டத்தின் எண்ணைச் சொல்லிக் கூட்டுவது போன்ற சொந்த நடத்தை தேவைப்படும் இடத்தில் மட்டும், உறை எழுதுங்கள். எழுதினால் 'கெட்வெக்டர்' போன்ற பின்வாசலை வைக்காதீர்கள்.

அடுத்த முறை உங்கள் லைப்ரரியின் புதிய பதிப்பை வெளியிடும் முன் ஒரு மதியத்தை இதற்காக ஒதுக்குங்கள். வெளியே தெரியும் செயற்கூறுகளின் திரும்பும் வகைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வரிசை, இரட்டிப்பு, மாற்றம், ஆயுள் நான்குக்கும் பதில் எழுதுங்கள். பதில் தெரியாத இடத்தை வெளியீட்டுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் அது உங்கள் வேலை மட்டும் அல்ல, உங்களை நம்பி எழுதிய எல்லாருடைய வேலையும்கூட.